நொண்டிப் பேட்டின் கால்

இப்பகுதியிலே வழக்கமாகப் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் வீட்டுச் செலவைப் பற்றியும் எழுதிவரும் நாம், இவ்வாரம் வாசகர்களை வீட்டின் கோடிப்புறத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணினோம். அங்கே ஒரு நொண்டிப் பேட்டுக் கோழி நிற்கின்றது. நாட்டிலும் உலகிலும் எத்தனையோ பெரிய காரியங்கள் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கோழியின் காலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். எனினும், நாலைந்து கோழிகள் நிற்கும் வளவுகள் எமது ஊர்ப்புறங்களில் இன்றும் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்றைக்காவது கால் நொண்டவே செய்யும். அந்நாளில் வீட்டார் என்ன செய்யவேண்டும் என்பதை நாம் எமது சொந்தத் தவறு ஒன்றினாலேயே கற்றுக்கொண்டோம். அத்தவறை மறையாது கூறினால் வேறொரு வளவில் வேறொரு கோழியாவது பிழைக்கும் என்னும் எண்ணத்துடனேயே இதனை எழுதுகின்றோம்.

கட்டிப்போட்ட பேடு

சென்ற புரட்டாதி மாதம் அயலூர்ச் சந்தையில் நாலு மாதத்து இளம்பேடு ஒன்றை வாங்கினோம். சாம்பல் நிறத்து உடலில் வெள்ளைப் புள்ளிகள். வீட்டுக்கு வந்ததும் எமது இளைய மகன் அதற்குப் 'புள்ளி' என்று பெயரிட்டு, அது தனக்கே உரியது என்று சாதித்துவிட்டான். ஏற்கெனவே வளவில் நின்ற நான்கு பேடுகளும் ஒரு சேவலும் புதிதாக வந்தவளைச் சுற்றி நின்று பார்த்தன.

புதிதாக வாங்கிய கோழியை உடனே அவிழ்த்துவிட்டால் அது வேலி தாண்டிப் போய்விடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகையால் ஊர் வழக்கப்படி அதன் ஒரு காலில் தும்புக் கயிற்றைக் கட்டிக் கொய்யா மரத்தடியில் விட்டோம். தும்புக் கயிறு மொத்தமானது. காலிலே நில்லாது கழன்று கழன்று விழுந்தது. அப்போது அரிசிச் சாக்கின் வாயைத் தைத்திருந்த மெல்லிய நைலோன் நூல் கைக்கு அகப்பட்டது. அதனை இரட்டையாக முறுக்கிச் சுருக்கிட்டுக் கட்டினோம். அது கழரவில்லை. ஐந்து நாள் சென்றதும், பேடு எமது முற்றத்தைத் தன் முற்றமாக ஏற்றுக்கொண்டது என்று தெரிந்து, நூலைக் கத்தியால் வெட்டிவிட்டோம். வெட்டிய இடம் காலிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது. காலைச் சுற்றிக் கிடந்த சுருக்கைக் கழற்றவேண்டும் என்ற எண்ணம் அன்று எம்மில் ஒருவருக்கும் எழவில்லை. நூல் தானாகவே அவிழ்ந்து விழுந்துவிடும் என்று எண்ணியிருப்போம். அல்லது எண்ணாமலே விட்டிருப்போம்.

ஐப்பசி மழை தொடங்கியது. முற்றம் சேறாயிற்று. கோழிகள் யாவும் சேறு பூசிய கால்களுடன் தாழ்வாரத்தில் ஒதுங்கின. மழை விட்ட ஒருநாட் காலையில் புள்ளி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரைக்கு ஓடும்போது இரண்டடி தத்தி இருந்துவிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம்

அன்று எமது முற்றத்தில் கூடிய வைத்திய சபையை வாசகர்கள் தத்தம் வீடுகளிலும் கண்டிருப்பீர்கள். "உது வாதம், மோனை. மழைக்குளிர் காலிலை இறங்கியிருக்கு" என்றார் ஆச்சி. மஞ்சளை ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தொடையில் பூசவேண்டும், தீனிக்குத் தவிடு சேர்க்கவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உதை வைச்சு என்ன செய்யப் போறியள்? மெலியமுன்னம் கறியாக்குங்கோ" என்பது அவருடைய தீர்ப்பு. அதைக் கேட்ட மகன் பேட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆச்சி, இது என்ரை கோழி" என்று அழத்தொடங்கினான்.

நாம் ஆச்சியின் வைத்தியத்தையே மேற்கொண்டோம். ஒரு வாரம் மஞ்சட் பூச்சும் உப்பு ஒத்தடமும் நடந்தன. தவிடும் குழைத்து வைத்தோம். நொண்டல் கூடியதே அன்றிக் குறையவில்லை. மேலும், மற்றைக் கோழிகள் அதனைக் கொத்தத் தொடங்கின. முதலில் தீனித் தட்டிலிருந்து விரட்டின. பின்னர், இருந்த இடத்திலேயே தலையில் கொத்தின. நல்ல குணமுடையது என்று நாம் மெச்சிய கிழட்டுப் பேடே முன்னின்று கொத்தியது.

இது கோழிகளின் கெட்ட குணத்தாலன்று. கோழிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு ஒதுங்கவேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீப் ஷெல்டெரூப் எபே என்பவர், சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கி, வளர்ந்தபின் 1921ஆம் ஆண்டில் இவ்வொழுங்கை ஆராய்ச்சியாக எழுதினார். 'கொத்து வரிசை' என்று உலகம் இன்று கூறுவது அவர் கண்டுகூறியதே. கால் முடமான கோழி விரட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆகையால் வரிசையின் அடிக்குத் தள்ளப்படுகின்றது. தீனி கிடையாமையாலும் கொத்துப் புண்ணாலும் அது சாகும்போது, காலிலிருந்த நோயினாலேயே செத்தது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

எனவே, நொண்டும் கோழியைக் கண்டதும் செய்யவேண்டிய முதற்காரியம் அதனைப் பிரித்து வைப்பதாகும். காரணம் தொற்றுநோயாக இருப்பினும் இவ்வாறு பிரித்தல் மற்றைக் கோழிகளுக்கும் காவலாகும். நாம் ஒரு பெரிய கரப்பைத் தாழ்வாரத்தில் கவிழ்த்து, அதனுள் சாக்கை விரித்து, அதன்மேல் உலர்ந்த உமியை நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். நீரையும் தீனியையும் அது எழுந்து செல்லாமலே எட்டும்படி வைத்தோம். தொற்றுநோய்க் குறி இல்லாவிடின், பிரித்து வைக்கும் இடம் மற்றைக் கோழிகளின் கண்ணுக்கு எட்டும்படியாக இருத்தல் நன்று. முற்றாக மறைத்துவிட்டால் கூட்டம் அதனை மறந்துவிடும். திரும்பிச் செல்லும் நாளில் அந்நியக் கோழியாகவே அதனை வரவேற்கும்.

காலைத் திருப்பிப் பார்த்தபோது

எட்டாம் நாள் மகனின் தொல்லை பொறுக்காது அரசாங்க மிருக வைத்தியரிடம் சென்றோம். மருந்தொன்று எழுதித் தருவார் என எதிர்பார்த்து, நடந்தவற்றையெல்லாம் விரிவாகக் கூறினோம். மஞ்சளையும் தவிட்டையும் ஒத்தடத்தையும் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "எல்லாம் சரி. காலைத் திருப்பிப் பாத்தனீங்களோ?" என்று வினவினார்.

எமக்கு மறுமொழி கூற வாய் வரவில்லை. தொடையைத் தடவினோம், காலைத் தூக்கிப் பார்த்தோம், ஆனால் சேற்றைக் கழுவி, விரல்களை விரித்து, பாதத்தைத் திருப்பி ஒருமுறையேனும் பார்த்தோமில்லை.

மாலையில் மற்றைக் கோழிகள் அடைந்தபின் பேட்டை எடுத்தோம். கோழியைப் பிடித்துப் பார்க்க ஏற்ற வேளை அதுவே. இருள் பட்டதும் அது அமைதியாகிவிடும். பழைய துவாய் ஒன்றினால் சிறகுகளைச் சேர்த்துச் சுற்றி, தலையையும் மெல்ல மூடி, மடியில் வைத்துக்கொண்டோம். மூச்சுக்கு இடம் இருக்கவேண்டும், நெஞ்சை இறுக்கலாகாது. மகன் டோர்ச் விளக்கைப் பிடித்தான். கையை வைத்தாற் சுடாத இளஞ்சூட்டு நீரிலே காலைப் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேற்றைக் கழுவினோம்.

சேறு போனதும் கண்டது எமது நூல். சாக்கு தைத்த அதே நைலோன் நூல். காலில் கிடந்த சுருக்கு, விரல்கள் தொடங்கும் இடத்துக்கு இறங்கியிருந்தது. அதன் வெட்டுண்ட நுனி வெளிவிரலை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. கோழி இரை தேடும்போது காலாற் பின்னோக்கிச் சீய்க்கும் அல்லவா? சீய்க்குந்தோறும் நூல் சுள்ளியிலும் புல்லிலும் மாட்டி, சுருக்குச் சிறிது சிறிதாக இறுகியிருக்கின்றது. வீங்கிய தசை நூலை மூடியிருந்தது. வெளிவிரலின் நுனி கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. எமது கை கட்டிய முடிச்சை எமது கையே தடவித் தடவி ஒரு வாரம் மஞ்சள் பூசியிருக்கின்றது.

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மகன், "நாங்கள் கட்டினது" என்று மட்டும் சொன்னான்.

மறுநாட் காலையில் வைத்தியரிடமே பேட்டைக் கொண்டுசென்றோம். தசையிற் புதைந்த நூலை வீட்டிலே இழுத்துப் பிடுங்குதல் ஆபத்து. இரத்தம் பெருகும், நூலின் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடவும் கூடும். மேலாகச் சுற்றியிருக்கும் நூலாயின், நனைத்து இளக்கி, கூர் மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் வெட்டி, சுற்றுச் சுற்றாக எடுக்கலாம். வைத்தியர் புதைந்திருந்த நூலை இடுக்கியால் இழை இழையாக எடுத்தார். பாதம் பிழைக்கும், அந்த விரல் பிழையாது என்றார். அயடீன் சேர்ந்த மருந்தினாற் புண்ணைக் கழுவும் முறையையும் துணி சுற்றும் முறையையும் காட்டினார். துணியை இறுக்கிச் சுற்றினால் நூல் செய்த வேலையையே துணியும் செய்யும் என்று எச்சரித்தார். பன்னிரண்டாம் நாள் அவ்விரல் உலர்ந்து தானாகவே விழுந்தது. மகன் அதனை வாழை மரத்தடியிற் புதைத்தான்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

இதன்பின் நாம் வைத்தியரிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை வாசகர்களின் பயன் கருதி ஒழுங்காகக் கூறுகின்றோம். நொண்டல் என்பது நோயன்று, நோயின் குறி. காரணத்தைக் கீழிருந்து மேலாகத் தேடவேண்டும்.

முதலிற் பாதம். உள்ளங்காலைக் கழுவிப் பாருங்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறியிருக்கலாம். உள்ளங்கால் வீங்கி, நடுவிற் கறுத்த பொருக்கு ஒன்று காணப்படின், அது பாதத்திற் சீழ் கட்டும் நோயாகும். கரடான தடியில் அடைவதாலும், உயரத்திலிருந்து குதிப்பதாலும், ஈரத்தரையில் நிற்பதாலும் தோலில் உண்டாகும் சிறு காயத்தின் வழியாகக் கிருமி உட்செல்லும். பெரும்பாலும் 'ஸ்டபிலோகொக்கசு' என்னும் கிருமியே இதற்குக் காரணம். தொடக்கத்தில் இளஞ்சூட்டு உப்புநீரில் நாளும் ஊறவைத்து, அயடீன் மருந்து பூசி, உலர்ந்த விரிப்பில் நிறுத்தினால் மாறக்கூடும். வீக்கம் பெரிதாயின் வைத்தியரே கீறிச் சீழை எடுக்கவேண்டும். மனிதர் புண்ணிலும் இக்கிருமி தொற்றும்; ஆகையால் கையுறை அணிவதும் பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். குசினிப் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது.

அடுத்து விரல்களும் கணைக்காலும். நூல், தலைமயிர், மீன்வலை இழை ஆகியவை சுற்றியிருக்கின்றனவா என்று விரல் விரலாகப் பாருங்கள். காலின் செதில்கள் மேலெழுந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தடித்திருந்தால், கண்ணுக்குப் புலப்படாத உண்ணிகள் செதிலின் கீழ் வாழ்கின்றன. காலைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ நன்றாகப் பூசிவந்தால் அவை மூச்சு முட்டி அழியும். சில வாரங்கள் விடாது செய்யவேண்டும். கூட்டின் தடிகளையும் சுத்தம் செய்யவேண்டும். செதில்களைப் பிய்த்தெடுக்கலாகாது.

பின்னர் மூட்டுகள். கோழியின் காலிற் பின்புறமாக மடியும் மூட்டை முழங்கால் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கின்றது. ஒரே வேளையில் இரு கைகளாலும் இரு கால்களையும் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோழியின் உடற்சூடு இயல்பாகவே ஏறக்குறைய 41 பாகை செல்சியசு ஆதலால் நமது கைக்கு எப்போதும் சூடாகவே தோன்றும். ஆகவே மறுகாலே அளவுகோல். ஒன்று மற்றதிலும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் அங்கே சுளுக்கு, முறிவு, சீழ் ஆகியவற்றுள் ஒன்று உண்டு. சுளுக்காயின் உமி விரிப்பில் ஓய்வே பெரும்பாலும் போதும்.

காலில் ஒன்றும் காணப்படாவிடின் முழுக் கோழியையும் பார்க்கவேண்டும். இளங்கோழி ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டி விழுந்து கிடந்தால் அது 'மரெக்' நோயாக இருக்கலாம். ஹங்கேரி நாட்டு மிருக வைத்தியரான யோசெப் மரெக் 1907ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். நரம்புகளைத் தாக்கும் இந்நோய்க்கு மருந்து இல்லை. குஞ்சு பொரித்த நாளிலேயே போடும் தடுப்பூசி உண்டு. கால் விழுவதோடு கழுத்தும் திருகி, பச்சை நிறமாகக் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோழிகள் சாகுமாயின், அது 1926ஆம் ஆண்டில் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதல் அடையாளங் காணப்பட்ட நியூகாசில் நோயாக இருக்கலாம். அல்லது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம். செத்த கோழிகளை வெறுங்கையால் தொடாது, பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். இத்தகைய கோழியை மெலியமுன் கறியாக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தவிட்டின் கதை

இறுதியாகத் தீனி. ஆச்சியின் தவிடு புள்ளியின் காலுக்கு உதவவில்லை என்பது உண்மை. ஆனால் தவிட்டைப் பற்றி ஆச்சி கூறியது வெறும் பேச்சன்று. நொண்டிக் கோழிகளே உலகுக்கு ஒரு பேருண்மையைக் காட்டிய வரலாறு ஒன்றுண்டு.

1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரிலே கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். 'முடியாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்தே இந்நோயின் பெயர் வந்தது என்று பலரும் கூறுவர். நோய்க்குக் கிருமியே காரணம் என்று எண்ணி அவர் தேடினார். ஆய்வுக்கூடத்திலிருந்த கோழிகள் கால் தள்ளாடி விழத்தொடங்கின. சில மாதம் சென்றதும் தாமாகவே சுகமடைந்தன. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு அக்காலத்தில் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டதென்றும், புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததும் அவை சாதாரண அரிசிக்கு மாறினவென்றும் தெரியவந்தது. தீட்டும்போது நீங்கும் தவிட்டில் உயிருக்கு வேண்டிய ஏதோவொன்று உண்டு என்பது இதனால் விளங்கிற்று. அதுவே இன்று நாம் B1 என்னும் குறியீட்டால்—தமிழிலே 'பீ ஒன்று' விற்றமின் என்று—அறிவதாகும். 1929ஆம் ஆண்டில் ஐக்மனுக்கு நோபெல் பரிசிலிற் பங்கு கிடைத்தது.

ஆகவே, மிஞ்சிய வெள்ளைச் சோற்றை மாத்திரம் போட்டுக் கோழி வளர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். தவிடும் கீரையும் புழுபூச்சியும் தீனியிற் சேரவேண்டும். குஞ்சுகளின் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால், 'பீ இரண்டு' விற்றமின் குறைவு என்று ஐயுறலாம். முட்டையிடும் பேட்டுக்குச் சுண்ணச்சத்தும் வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் செலவாகின்றது. தீனியில் அது போதாதபோது பேடு தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்கின்றது. நாளடைவில் எலும்பு நலிந்து கால் தளர்கின்றது. இடித்த சிப்பியை ஒரு சிரட்டையில் தனியாக வைத்தால், வேண்டிய பேடு வேண்டிய அளவைத் தின்னும். முட்டை ஓட்டையும் வறுத்துத் தூளாக்கி வைக்கலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதருக்கு வாங்கிய மாத்திரையிற் பாதியை உடைத்துக் கோழிக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தவறு. கிருமிகொல்லி மருந்தை வைத்தியர் கொடுத்தாலும், எத்தனை நாளைக்கு முட்டையை உண்ணலாகாது என்று கேட்டறிதல் அவசியம்.

எல்லாக் கோழியும் பிழைக்கும் என்று நாம் கூறவரவில்லை. தொடையெலும்பு நொறுங்கியதும் மரெக் நோயால் விழுந்ததும் எழுவது அரிது. அவற்றை நாட்கணக்கிற் கிடத்தி வருத்துவதிலும், வைத்தியரின் யோசனைப்படி விரைவில் வேதனையை முடித்தலே இரக்கம். ஆனால், அத்தீர்ப்பைக் காலைத் திருப்பிப் பார்த்தபின்னரே கூறவேண்டும்.

மீண்டும் கூட்டத்தில்

மார்கழி நடுவில் புண் ஆறியது. புள்ளியைக் கூட்டத்தோடு சேர்க்கும் நாள் வந்தது. பகலில் விட்டாற் கொத்துவார்கள் என்று ஆச்சி எச்சரித்தார். இம்முறை அவர் சொன்னதே சரி. கோழிகள் அடைந்தபின் இரவில் மெதுவாகக் கூட்டினுள் வைத்தோம். விடிந்தபோது எல்லாம் ஒன்றாக இறங்கின. கிழட்டுப் பேடு இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தன் வழியே சென்றது. தீனியை ஒரு தட்டில் வைக்காது மூன்று தட்டுகளில் விலக்கி விலக்கி வைத்தோம். விரட்டப்பட்ட கோழிக்கும் ஒரு தட்டு எஞ்சும். அடையும் தடியையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கரடு நீக்கிச் சீவி வைத்தோம். சேறாகும் இடத்தில் மணலைக் கொட்டினோம். இவை ஒன்றுக்கும் பெருஞ்செலவு ஆகவில்லை.

தை மாதக் கடைசியில் புள்ளி தன் முதல் முட்டையை இட்டது. மகன் அதனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வேலியோரம் சென்று பக்கத்து வளவு மாமிக்குக் காட்டினான். மாமி சிரித்துக்கொண்டே, "சரி, சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். மறுவாரம் தமது வெள்ளைப் பேட்டை மடியில் வைத்து அவர் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் வேலியினூடாகக் கண்டோம்.

'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமோ' என்பது எமது பழமொழி. தன் குஞ்சைத் தாய் மிதித்தாலும் அது அன்பின் மிதியே என்பது அதன் பொருள். கோழியை முடமாக்குபவை வேறு. எமது வீட்டில் அது எமது நூல். வேறு வீடுகளில் உயரத்தில் கட்டிய தடியாக, முற்றத்திற் போட்ட போத்தற் கண்ணாடியாக, கழுவாத ஈரத் தரையாக, சந்தையிலிருந்து காலிற் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கையாக இருக்கலாம். நாம் செய்ததை நாம் தேடுவதில்லை. மழையிலும் வாதத்திலும் தேடுகின்றோம்.

புள்ளி இன்றும் சிறிது சாய்ந்தே நடக்கின்றது. அதன் நடையைக் காணுந்தோறும் எமக்கு அந்த நூல் நினைவுக்கு வரும். இப்போது எமது வீட்டில் புதுக்கோழியைக் காலிற் கட்டுவதில்லை. ஒரு வாரம் கூட்டிலே அடைத்துத் தீனி கொடுத்தால், அதுவும் வீட்டைப் பழகிக்கொள்கின்றது. சாக்கு நூலை வெட்டியவுடன் துண்டு துண்டாக்கிக் குப்பைப் பையிற் போட்டுக் கட்டிவிடுகின்றோம்.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் உங்கள் கோழிகள் அடைந்தபின், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கூட்டடிக்குச் செல்லுங்கள். நொண்டினாலும் சரி, நொண்டாவிட்டாலும் சரி, ஒவ்வொன்றின் காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.